ஈர விரலும் பால் கண்ணாடியும்

மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில் பழைய விளக்குக் கடைகளுக்குள் நுழைந்தால் அண்ணாந்து பார்த்தபடிதான் நடக்க வேண்டும். உத்தரத்திலிருந்து கண்ணாடி ஷேடுகள் குலை குலையாகத் தொங்கும். இரண்டு வெள்ளைக் குண்டு ஷேடுகளை இறக்கிக் காட்டிய கடைக்காரர், இரண்டுமே பால் கண்ணாடி என்றார். விரலை நனைத்து ஒவ்வொன்றிலும் தேய்த்தேன். ஒன்றில் ஈரம் பட்ட இடம் மட்டும் தெளிந்து, உள்ளிருந்த பல்பின் இழை தெரிந்தது. மற்றது மாறவே இல்லை.

தெளிந்தது சாதாரணக் கண்ணாடிதான். மணலை வேகமாக அடித்தோ, அமிலத்தால் அரித்தோ அதன் மேல்பரப்பைச் சொரசொரப்பாக்குவார்கள். அந்த மேடுபள்ளங்களில் பட்டு ஒளி திசைக்கொன்றாகச் சிதறும். ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண்: கண்ணாடிக்குச் சுமார் 1.5, காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33. பள்ளங்களில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிரம்பியதும் வித்தியாசம் சுருங்குகிறது. ஒளியும் அதிகம் வளையாமல் கடந்துவிடுகிறது.

பால் கண்ணாடியின் வெண்மையோ தோலில் இல்லை, உடம்பு முழுக்க இருக்கிறது. உருக்கும்போது ஃபுளோரைடு உப்புகளைச் சேர்ப்பார்கள்; ஆறும்போது அவை நுண்படிகங்களாகப் பிரிந்து கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிடும். உள்ளே நுழையும் ஒளி படிகத்துக்குப் படிகம் முட்டி, வந்த திசையை மறந்துதான் வெளியேறும். 15ஆம் நூற்றாண்டில் வெனிஸ்காரர்கள் பால் கண்ணாடி செய்தது விளக்குக்காக அல்ல, சீனப் பீங்கானைப் போலப் பாத்திரம் செய்ய.

மாட்டுங்காவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இதைச் சோதித்தேன். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நாலைந்து சொட்டுப் பால், பின்னால் போன் டார்ச். பக்கவாட்டில் பார்த்தால் நீலச் சாயல். டம்ளர் வழியாக டார்ச்சைப் பார்த்தால் மஞ்சள். துகள்கள் போதிய அளவு சிறியவையாக இருந்தால் நீலம் அதிகம் சிதறும், மீந்த சிவப்பும் மஞ்சளும் நேரே வரும். பழைய பால் கண்ணாடி ஷேடுகள் சிலவற்றின் மெலிந்த விளிம்பு தணல் போல ஒளிர்வதும் இதனால்தான். அலங்காரம் என்று பார்த்தால், எனக்கு அந்தத் தணல் ஒன்றே போதும்.

கண்ணுக்கு இதமாக இருப்பதன் கணக்கு எளிது. இழை எவ்வளவு மெல்லியது! அதன் ஒளி ஒரு தேங்காய் அளவு குண்டின் பரப்பில் பரவினால், கொஞ்சம் உறிஞ்சப்பட்டது போக மிச்சமெல்லாம் அறைக்கு வரும். ஆனால் எந்த ஒரு புள்ளியும் கண்ணைக் கூசவைக்காது.

எண்ணெய் விளக்குக்கு முதல் தேவை காற்று. 1780 வாக்கில் ஆர்கண்ட் என்ற சுவிஸ்காரர் தம் விளக்கின் சுடரைச் சுற்றி வைத்த கண்ணாடிச் சிம்னி, காற்றை இழுத்து வெளிச்சத்தைக் கூட்டியது. மின்சார பல்புக்குக் காற்றும் வேண்டாம், புகையும் இல்லை. தலைகீழாகவும் எரியும் என்பதால் ஷேடும் பூப்போலக் கீழ்நோக்கிக் கவிழ்ந்தது. நியூயார்க்கில் கண்ணாடிக் கலைஞர் டிஃபனியின் பட்டறையில், வண்ணத் துண்டுகளின் ஓரத்தில் செப்புத் தகடு சுற்றி ஈயம் வைத்து ஒட்டிய ஷேடுகள் பிறந்தன. அவற்றில் பலவற்றை வடிவமைத்தவர் கிளாரா டிரிஸ்கால் என்ற பெண் என்பது, பல பத்தாண்டுகள் கழித்து அவருடைய கடிதங்கள் கிடைத்த பிறகுதான் பரவலாகத் தெரிந்தது.

சொரசொரப்பானதை விட்டுவிட்டு மற்றதை வாங்கி வந்தேன். முதலில் மாட்டிய 6500 கெல்வின், அதாவது நீலச் சாயல் வெள்ளை, எல்.இ.டி. பல்பில் விளிம்பு வெளிறியே கிடந்தது. மஞ்சள் சாயலான 2700 கெல்வினுக்கு மாற்றிய அன்று இரவுதான் தணல் வந்தது.