வேலை கத்துக்கிற பையனுக்கு ஒப்பந்தம் போடுங்க: ராமநாதபுரம் கடலோரத்து முதலாளிகளுக்கு

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில நிக்கும், மீன் கம்பெனில வேலை குறைஞ்சு போகும், ஆனா டீசல் பட்டறையிலயும் லேத்துலயும் வெல்டிங் கடையிலயும் அந்த ரெண்டு மாசந்தான் மூச்சு விட நேரம் இருக்காது. இன்ஜின் இறக்கணும், ஷாஃப்ட் கடையணும், அடிப்பலகை மாத்தணும், எல்லாம் ஒரே நேரத்துல வரும். அதுக்கு முன்னாடியே எனக்கு போன் வர ஆரம்பிச்சிரும், "தம்பி, நல்ல பையனா ரெண்டு பேர் இருந்தா அனுப்பி விடுங்க"ன்னு. நான் மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை பக்கம் சின்ன கம்பெனிகளுக்கு பி.எஃப், ஈ.எஸ்.ஐ, லேபர் ரிட்டர்ன் பாக்கறவன், ஆள் பிடிச்சுக் குடுக்கறது என் வேலை இல்ல, ஆனாலும் கேக்கறாங்க, ஏன்னா அவ்வளவு ஆள் பஞ்சம்.

இதுல எனக்கு மனசு கஷ்டமா இருக்கறது என்னன்னா, நம்ம ஊர்ல எல்லா பட்டறையிலயும் ஏற்கனவே ஒரு பையன் இருக்கான். பத்தாவது முடிச்சவனோ ஐ.டி.ஐ படிச்சவனோ, அவங்க அப்பா கூட்டிட்டு வந்து "வேலை கத்துக்கட்டும் அண்ணே, உங்கள நம்பி விட்டுட்டுப் போறேன்"னு சொல்லிட்டுப் போயிருவாரு. டீக்காசு, சாப்பாடு, வாரக் கடைசில ஏதோ ஒரு தொகை. ரெண்டு வருஷத்துல நாசில் கழட்டி டெஸ்ட் பண்றதுல இருந்து கிராங்க் ஏத்தறது வரைக்கும் அவனுக்கு அத்துப்படி ஆயிரும், ஆனா அவன் கையில ஒரு துண்டுப் பேப்பர் இருக்காது, துபாய்க்குப் போகணும்னு ஏஜென்ட்கிட்ட போனா சர்டிபிகேட் எங்கன்னு கேப்பான், இல்லன்னா ஹெல்பர் விசாதான். நடுவுல கையில அடிபட்டா யார் பொறுப்புன்னு கேட்டா அதுக்கும் பதில் கிடையாது.

அந்தப் பையனுக்கு முறையா ஒரு தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) ஒப்பந்தம் போடுங்கங்கறதுதான் நான் சொல்ல வர்றது. இது புதுசா வந்த திட்டம் இல்ல, அப்ரண்டிஸ் சட்டம் 1961லயே வந்துருச்சு. 2019ல விதிய மாத்துன பிறகு, ஒப்பந்தத் தொழிலாளியையும் சேத்து 30 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற நிறுவனம் கட்டாயம் அப்ரண்டிஸ் எடுக்கணும், மொத்த ஆள்ல 2.5 சதவீதத்துல இருந்து 15 சதவீதம் வரைக்கும். 40 பேர் இருக்கற மீன் கம்பெனின்னா குறைஞ்சது 1, அதிகபட்சம் 6. 4 பேர்ல இருந்து 29 பேர் வரைக்கும் இருந்தா கட்டாயம் இல்ல, விருப்பப்பட்டா எடுக்கலாம். நம்ம கடலோரத்துல பாதிப் பேர் இந்த ரெண்டாவது வகைதான், அவங்களுக்குத்தான் தங்களால எடுக்க முடியும்ங்கறதே தெரியல, இதெல்லாம் பெல் (BHEL), ரயில்வே மாதிரி பெரிய எடத்துக்குன்னு நெனச்சுக்கிறாங்க.

காசு விஷயத்துக்கு வர்றேன். 2019 விதிப்படி மாசம் குறைந்தபட்ச உதவித்தொகை, பத்தாவது முடிச்சவனுக்கு 6,000, ஐ.டி.ஐ முடிச்சவனுக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000. ரெண்டாவது வருஷம் 10 சதவீதம் கூடும். இதை 36 சதவீதம் ஏத்தணும்னு மத்திய தொழிற்பழகுநர் கவுன்சில் 2025 மே மாசம் பரிந்துரை பண்ணுச்சு, அதனால ஒப்பந்தம் போடற அன்னிக்கு அப்ரண்டிஸ்ஷிப் இந்தியாங்கற அரசு போர்ட்டல்ல என்ன தொகை காட்டுதோ அதை வச்சுக் கணக்குப் போடுங்க. இதுல மத்திய அரசு பங்கு இருக்கு. தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம்னு 2016ல ஆரம்பிச்சது, நேப்ஸ்னு சொல்வாங்க, குறைந்தபட்சத் தொகைல 25 சதவீதம், மாசம் 1,500க்கு மேல போகாம, பையனோட பேங்க் கணக்குக்கு நேரா வந்துரும். அப்ப 7,000 ரூபா பையனுக்கு உங்க கையில இருந்து 5,500, வருஷத்துக்கு 66,000. முதல்ல உங்க பங்க பேங்க் மூலமா போட்டு போர்ட்டல்ல பதிஞ்சாத்தான் அரசு பங்கு நகரும், நீங்க லேட் பண்ணா அவனுக்கு ரெண்டுமே லேட். அடுத்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள குடுக்கணும்னு விதியிலயே இருக்கு.

டிப்ளமோ, டிகிரி முடிச்சவங்களுக்கு நேட்ஸ்னு இன்னொரு திட்டம், ஒரு வருஷம், குறைந்தபட்சத் தொகைல பாதிய மத்திய அரசு ஏத்துக்குது, தெற்குப் பகுதிக்கு சென்னை தரமணில இருக்கற போர்டு பாக்குது. இன்ஜினியருக்கு மட்டும்தான்னு நெனைக்காதீங்க, பி.காம் முடிச்ச புள்ளைங்களையும் அக்கவுண்ட்ஸ்ல எடுக்கலாம். கீழக்கரைப் பக்கம் படிச்சு முடிச்சிட்டு வீட்ல இருக்கற பொம்பளப் புள்ளைங்க எத்தனை பேரு, உள்ளூர்லயே ஒரு வருஷம் ஆபீஸ் வேலை பழகக் கிடைச்சா அவங்க வீட்லயும் அனுப்புவாங்க.

அப்ரண்டிஸ் சட்டத்துல சேத்தவங்களுக்கு பி.எஃப், ஈ.எஸ்.ஐ கட்ட வேண்டாம். இதைச் சொன்ன உடனே சில பேர் முகத்துல ஒரு வெளிச்சம் வரும், "அப்ப இருக்கற ஆளையெல்லாம் அப்ரண்டிஸா மாத்திரலாமா?"ன்னு. கூடாது. அஞ்சு வருஷமா வேலை பாக்கறவன அப்ரண்டிஸா காட்டறது மோசடி, அப்படிக் கேக்கறவங்களுக்கு நான் பேப்பர் போட்டுக் குடுக்கறதில்ல. சட்டம் அவன தொழிலாளி இல்ல, பயிற்சி எடுக்கறவர்னு சொல்லுது, பயிற்சி குடுக்கறதுனாலதான் அந்த விலக்கு. அதேநேரம் பயிற்சில விபத்து நடந்தா நஷ்டஈடு குடுக்கற பொறுப்பு உங்களோடது, ஈ.எஸ்.ஐ இல்லங்கறதுனால அந்தச் செலவு முழுசா உங்க தலைலதான் விழும், அதுக்கு ஒரு இன்சூரன்ஸ் பாலிசி எடுத்து வச்சிருங்க.

மீன் கம்பெனிக்காரங்க கவனிக்க வேண்டிய ஒண்ணு இருக்கு. நம்ம பக்கம் இறால் உரிக்கறதுக்கு கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி குடுக்கறது பழக்கம். அப்ரண்டிஸுக்கு அப்படிக் குடுக்கக் கூடாது, சட்டத்துலயே தெளிவா இருக்கு, எண்ணிக்கைக் கூலி கிடையாது, உற்பத்தி போனஸ்லயும் சேக்கக் கூடாது. அது நல்ல விதி. கிலோ கணக்குல குடுத்தா அந்தப் புள்ள உரிச்சுக்கிட்டேதான் இருக்கும், கிரேடு பிரிக்கறது, ஃபிரீசர் வெப்பநிலை பாக்கறது, ரெக்கார்டு எழுதறது எதையும் கத்துக்காது. ஓவர்டைமும் அப்ரண்டிஸ்ஷிப் ஆலோசகர் (இந்தச் சட்டத்தப் பாத்துக்கற அரசு அதிகாரி) அனுமதி இல்லாம கிடையாது, படகு வர்ற நேரம்னு அந்த அனுமதி இல்லாம ராத்திரி வேலைக்குக் கூப்பிடவும் கூடாது.

பணத்த விட பெரிய செலவு, சொல்லிக் குடுக்க ஒரு ஆள ஒதுக்கறது. இங்கதான் நெறைய எடத்துல கோட்ட விடறாங்க. உச்சிப்புளிப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனில நடந்தத சொல்றேன். ஐ.டி.ஐ-ல ஏ.சி மெக்கானிக் படிச்ச பையன், அவன கம்ப்ரசர் ஆபரேட்டர் கூடவே விட்டாங்க. அந்த அண்ணன் முதல் வேலையா ஒரு நோட்டக் குடுத்து மணிக்கொரு தடவை சக்ஷன் பிரஷர் (கம்ப்ரசர் உள்ள இழுக்கற பக்கம்), டிஸ்சார்ஜ் பிரஷர் (வெளிய தள்ளற பக்கம்), தொட்டில இருக்கற உப்புத்தண்ணி வெப்பநிலை மூணையும் எழுத வச்சாரு. சக்ஷன் பைப்புல படியற பனி எது வரைக்கும் இருக்குன்னு ஒரு சாக்பீஸ் கோடு. ஒரு நாள் பனி கோட்டத் தாண்டி கம்ப்ரசர் உடம்புல ஏறிருச்சு, பையன்தான் முதல்ல பாத்து ஓடிப் போய்ச் சொன்னான். "லிக்விட் திரும்பி வருதுடா, வால்வக் குறை"ன்னு அவனையே குறைக்க வச்சாரு. அம்மோனியா லீக்கு பாக்க கந்தகக் குச்சிய பத்த வச்சு ஒவ்வொரு ஜாயின்டா காட்டணும், லீக் இருக்கற எடத்துல வெள்ளைப் புகை கெளம்பும், அதையும் மாஸ்க் மாட்டித்தான் பண்ண விட்டாரு. இப்படி ஒரு ஆள் கூட நின்னா அந்தப் பையன் எதுக்கு விட்டுட்டுப் போகப் போறான்? அந்த நோட்டுதான் பயிற்சிக்கு அத்தாட்சியும் கூட, யார் வந்து கேட்டாலும் அதை எடுத்துக் காட்டலாம். அம்மோனியா மாதிரி ஆபத்தான எடத்துக்கு 18 வயசு முடிஞ்சவனத்தான் எடுக்கணும், மத்த எடத்துல 14.

ராமேஸ்வரம் லாட்ஜ்ல இதுக்கு நேர்மாறா பாக்கறேன். ஃப்ரண்ட் ஆபீஸ் அப்ரண்டிஸ்னு ஒப்பந்தம், ஆனா ஆடி அமாவாசை, தை அமாவாசை கூட்டத்துல பையன் பெட்டி தூக்கறான், அமாவாசை முடிஞ்ச பிறகும் பெட்டிதான் தூக்கறான். கூட்ட நேரத்துல எல்லாரும் எல்லா வேலையும் பாக்கறது சரி, அது தப்பில்ல. ஆனா வாரத்துல ரெண்டு நாளாவது கவுன்டர்ல உக்கார வச்சு புக்கிங் போட, பில் போட, வந்தவங்ககிட்ட ஹிந்தில நாலு வார்த்தை பேச விடணும். கடைசில அவனுக்கு மதிப்பீட்டுத் தேர்வு இருக்கு, அதுல பெட்டி தூக்கறதப் பத்தி கேள்வி வராது.

தடைக்காலத்துல மீன் கம்பெனி அப்ரண்டிஸ என்ன பண்றதுன்னு கேப்பாங்க. ஒப்பந்தம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், உதவித்தொகைய நிறுத்த முடியாது. மெஷின் பராமரிப்பு, பிளேட் ஃபிரீசர் கிளீனிங், சுகாதார ரெக்கார்டு, ஸ்டோர் கணக்கு எல்லாம் சொல்லிக் குடுக்க அதை விட நல்ல நேரம் வராது. பட்டறைக்காரங்க தலைகீழா யோசிக்கணும், மார்ச் கடைசில ஆள் தேடுனா வர்றவன் எடுபிடிதான் ஆவான், முந்தின வருஷம் தடைக்காலம் முடிஞ்ச கையோட சேத்தா அடுத்த தடைக்காலத்துக்கு இன்ஜின் இறக்கற கையா நிப்பான்.

"கத்துக்கிட்டுப் போயிருவான்"ங்கற பயம் எல்லாருக்கும் இருக்கு, கீழக்கரையில ஒரு காக்கா (அங்க அண்ணன அப்படித்தான் கூப்பிடுவாங்க) இதையே திருப்பித் திருப்பிச் சொன்னாரு. போறவன் போகத்தான் செய்வான், பேப்பர் இல்லாத பையனும் போயிக்கிட்டுத்தான் இருக்கான். பயிற்சி முடிஞ்சா வேலை குடுத்தே ஆகணும்னு சட்டம் சொல்லல, ஆனா யாரை எப்படி எடுப்பீங்கன்னு நிறுவனம் ஒரு கொள்கை வச்சிருக்கணும்னு சொல்லுது. ஒப்பந்தம் போடற அன்னிக்கே "முடிச்சா இவ்வளவு சம்பளம்"னு எழுதிக் குடுத்த எடத்துல பையன் தங்கறத நான் பாத்திருக்கேன்.

ஆரம்பிக்கறவங்க மாவட்ட திறன் பயிற்சி அலுவலகத்துல போய்க் கேளுங்க, தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம் எப்பன்னு அங்கயே தெரியும், பக்கத்து அரசு ஐ.டி.ஐ-யிலயும் சொல்லி வைங்க. அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டல்ல நிறுவனத்தப் பதிஞ்சு, எந்தத் தொழிலுக்கு எத்தனை பேர்னு போட்டு, ஒப்பந்தத்த ஆன்லைன்லயே முடிக்கலாம், 18 வயசுக்குக் கீழன்னா அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடணும். பையனோட பேங்க் கணக்குல ஆதார் சேந்திருக்கான்னு பேங்க்லயே போய்க் கேட்டுட்டு வரச் சொல்லுங்க, என்கிட்ட வர்ற "அரசு பணம் வரல" கம்ப்ளைன்ட்ல பாதிக்கு மேல அதுதான் காரணம்.