எளிய லினக்ஸில் யுஎஸ்பி மைக்: குரல் கோப்பாகும் வழி

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிவுக்கு வந்ததும், சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள் பலவற்றில் குறையின்றி ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினிகள் பெயரளவில் காலாவதியாகிவிட்டன. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி இத்தீவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது. அந்தக் குவியலில் தங்கள் பங்கையும் போட மனமில்லாதவர்கள் ஆன்டிஎக்ஸ், பப்பி லினக்ஸ் போன்ற இலகுரகத் திறமூல இயங்குதளங்களை நாடுகிறார்கள். எழுதுவது, படிப்பது, இணையம் பார்ப்பது எல்லாம் பழைய இயந்திரத்திலேயே நன்றாக நடக்கிறது. பாட்டியின் நினைவுகளைப் பதிவு செய்து வைக்கலாம் என்றோ, ஏப்ரலில் வரும் தமிழ்மொழி விழாவுக்குப் பிள்ளை கதை சொல்லிப் பழகட்டும் என்றோ சிம் லிம் ஸ்குவேரில் ஒரு யுஎஸ்பி மைக்கை வாங்கி வந்து செருகும்போதுதான் சிக்கல் தலைகாட்டுகிறது. மைக்கில் விளக்கு எரிகிறது. பதிவிலோ ஒன்றும் விழவில்லை.

இந்நிலையில் பெரும்பாலோர் முதலில் தேடுவது கருவியை இயக்கும் நிரலான டிரைவரைத்தான். அந்தத் தேடல் அநேகமாக வீண். லினக்ஸின் உட்கருவான கெர்னல் அந்த மைக்கைச் செருகிய சில நொடிகளிலேயே அடையாளம் கண்டிருக்கும். எந்த மைக்கைக் கேட்பது, எந்த வேகத்தில் கேட்பது, யாரைக் கேட்க விடுவது ஆகியவற்றைப் பெரிய இயங்குதளங்களில் பின்னணி நிரல் ஒன்று நமக்காக முடிவு செய்துவிடுகிறது. இலகுரக இயங்குதளமோ நினைவகம் மிச்சமாகட்டும் என்று அந்த நிரலைக் கழற்றிவைத்திருக்கக்கூடும். எனவே குரல் நின்றுபோகும் இடம், யாரும் எந்த முடிவும் எடுக்காத இடமாகவே பெரும்பாலும் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் குரலின் பாதையைக் கீழிருந்து மேலாகப் பின்தொடர்வதே சுருக்கமான வழி.

பாதை மைக்கின் உள்ளேயே தொடங்குகிறது. சந்தையில் கிடைக்கும் யுஎஸ்பி மைக்குகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது எலக்ட்ரெட் வகைக் குமிழ்; ஜெர்ஹார்டு செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் பெல் ஆய்வகத்தில் 1962இல் உருவாக்கிய முறை அது. நிலையான மின்னூட்டம் ஏற்றப்பட்ட மெல்லிய படலம் குரலின் அழுத்தத்துக்கு ஏற்ப அசையும்போது மிகச் சிறிய மின்னழுத்த மாற்றம் எழுகிறது. யுஎஸ்பி மைக்கினுள் இருக்கும் சில்லு அந்த மாற்றத்தை வழக்கமாக நொடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுகிறது. ஒலி அட்டை ஒன்று செய்ய வேண்டிய வேலை முழுவதும் மைக்கின் உள்ளேயே நடந்து முடிவதால், கணினியின் மின்பலகையில் எழும் இரைச்சல் குரலோடு கலக்க வாய்ப்புக் குறைவு. லினக்ஸும் இதை மைக் என்று எண்ணுவதில்லை. கணினியில் புதிதாக வந்து சேர்ந்த இரண்டாவது ஒலி அட்டையாகவே கொள்கிறது. பின்னர் வரும் குழப்பங்களில் பாதிக்கு இதுவே வேர்.

செருகியவுடன் நடப்பது ஓர் அறிமுகப் படலம். யுஎஸ்பி 2.0 விதிப்படி, தன்னை இன்னதென்று சொல்லி முடிக்கும் வரை எந்தக் கருவியும் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கக் கூடாது. விளக்கு எரிய அதுவே தாராளம். ஆகவே விளக்கு எரிவது மின்சாரம் வந்ததற்குச் சான்றே தவிர வேறெதற்கும் சான்றன்று. அடுத்துக் கணினி கேட்கும் கேள்விகளுக்கு மைக் தன் விவரப்பட்டியலை ஒப்பிக்கிறது. அதில் வகுப்பு எண் 1 என்று இருந்தால் அது ஒலிக்கருவி. 0201 என்ற குறியீடு இருந்தால் உள்ளே இருப்பது மைக். எந்தெந்த வேகத்தில் அளக்க முடியும், ஒலியளவைக் கூட்டிக் குறைக்க முடியுமா, வாயடைக்கும் பொத்தான் உண்டா என்பனவும் அதே பட்டியலில் வரிசையாக வரும். யுஎஸ்பி ஒலிக்கருவிகளுக்கான இந்தப் பொது விதிமுறையின் முதல் பதிப்பு 1998இல் வெளிவந்தது. அதைப் பின்பற்றும் எந்த நிறுவனத்தின் மைக்குக்கும் கெர்னலில் இருக்கும் எஸ்என்டி-யுஎஸ்பி-ஆடியோ என்ற ஒரே டிரைவர் போதும். மைக்கோடு வரும் குறுவட்டை விண்டோஸ்காரர்களுக்கே விட்டுவிடலாம்.

கெர்னலின் நாட்குறிப்பைக் காட்டும் டி-மெசேஜ் (dmesg) கட்டளையை இயக்கினால், இந்த அறிமுகம் நடந்ததற்கான வரிகள் கடைசியில் தென்படும். வரிகளே இல்லையென்றால் கேபிளையோ யுஎஸ்பி துளையையோ சந்தேகிக்கலாம். வரிகள் இருந்தும் ஒலி அட்டைகளின் பட்டியலில் மைக் இல்லையென்றால் டிரைவர் தொகுப்பு நிறுவப்படவில்லை என்று பொருள். மிகச் சிறியதான டைனி கோர் லினக்ஸில் இப்படி நேரும். அங்கே ஒலிக்கான தொகுப்பைத் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கம்பி வழியே குரல் செல்லும் விதம் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி என்பதால் சற்று நிற்கிறேன். பேனா டிரைவில் கோப்பை எழுதும்போது ஒரு தரவுப் பொட்டலம் சிதைந்தால் கணினி அதை மீண்டும் அனுப்பச் சொல்லும். குரலுக்கு அந்தச் சலுகை இல்லை. பயணி ஏறினாலும் ஏறாவிட்டாலும் நேரம் வந்ததும் கதவை மூடிக்கொண்டு கிளம்பும் எம்ஆர்டி ரயிலைப் போல, 1 மில்லி நொடிக்கு ஒரு பொட்டலம் புறப்பட்டே தீரும், தவறியது தவறியதுதான். நொடிக்கு 48,000 அளவுகள் என்றால் ஒரு பொட்டலத்தில் 48 அளவுகள், அதாவது 96 பைட்டுகள் அடங்கும். இசைத்தட்டுகளின் 44,100 என்ற வேகத்தில் கணக்கு இவ்வளவு அழகாக முடிவதில்லை. ஒன்பது பொட்டலங்களில் 44 அளவுகளும் பத்தாவதில் 45 அளவுகளுமாக மைக் பங்கிட்டு அனுப்பிச் சமாளிக்கிறது.

இந்தப் பொட்டலங்களுக்கான இடம் முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறது. மைக் சும்மா இருக்கும்போது அதன் நிலை 0. அந்நிலையில் அது கம்பியில் இடமே கேட்பதில்லை. பதிவு தொடங்கும் கணத்தில் டிரைவர் அதை அடுத்த நிலைக்கு மாற்ற, அப்போதுதான் இடம் ஒதுக்கப்படுகிறது. நொடிக்கு 12 மெகாபிட் செல்லும் தடத்தில் இத்தகைய நேரந்தவறாப் போக்குவரத்துக்கு 90 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்க விதி இடம் தருவதில்லை. ஒரு துளையைப் பலவாக்கும் ஒரே ஹப்பில் வெப்கேமராவும் மைக்கும் தொங்கினால், செருகும்போது நன்றாக இருந்த மைக் பதிவு தொடங்கும்போது மட்டும் மறுத்துவிடுவதற்குக் காரணம் இதுவே. அப்போது கெர்னல் தரும் பிழை எண் 28. அதன் பொதுவான பொருள் ‘சாதனத்தில் இடமில்லை’ என்பது. கம்பியில் இடமில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. அதைப் படித்துவிட்டு வட்டிலுள்ள படங்களை அழிப்பதில் பயனில்லை. மைக்கை வேறு துளைக்கு மாற்றினாலே பல சமயங்களில் சரியாகிவிடும்.

கெர்னலை வந்தடைந்த எண்களை நிரல்களுக்கு வழங்குவது ஆல்சா. செக் நாட்டைச் சேர்ந்த யாரோஸ்லாவ் கிசெலா 1998இல் தொடங்கிய இத்திட்டம், 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6 முதல் கெர்னலின் முதன்மையான ஒலி அமைப்பாக இருந்துவருகிறது. ஆல்சா அட்டைகளுக்கு 0, 1, 2 என்று எண்ணிடுகிறது; வேறு எதுவும் சொல்லாதபோது 0 என்ற அட்டையையே எடுத்துக்கொள்கிறது. மடிக்கணினியின் உள்ளமைந்த ஒலி அட்டை வழக்கமாக 0 என்ற இடத்தைப் பிடித்திருக்கும். எச்டிஎம்ஐ வழியாக ஒலி செல்லும் கணினிகளில் அதற்கும் தனி அட்டை எண் இருக்கக்கூடும். நம் மைக்குக்கு 1 அல்லது 2 கிடைக்கும். பதிவு நிரலோ 0 என்ற அட்டையைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். அங்கே பாட்டியின் குரல் எப்படிக் கேட்கும்?

இதைவிட ஏமாற்றும் வேறொரு நிலையும் உண்டு. மூடியின் விளிம்பில் இருக்கும் மடிக்கணினியின் சொந்த மைக், தொலைவிலிருந்து மங்கலாகக் குரலைப் பிடித்துவிடும். புதிய மைக் மட்டமானது என்று முடிவுகட்டிக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். மைக்கின் வலையை விரல் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். பதிவில் கரகரப்பு உரத்துக் கேட்டால் அந்த மைக்தான் பேசுகிறது. கேட்காவிட்டால் கணினி வேறெதையோ கேட்டுக்கொண்டிருக்கிறது.

தீர்வு, அட்டையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது. பயனரின் இல்லக் கோப்புறையில் ஆசவுண்டு-ஆர்சி (.asoundrc) என்ற சிறு உரைக்கோப்பில் எது இயல்பான மைக் என்று எழுதிவைத்தால் ஆல்சா அதற்குக் கட்டுப்படும். எண்ணை எழுதுவதைவிடப் பெயரை எழுதுவது நல்லது. மறுமுறை கணினியைத் தொடங்கும்போது கேமரா முந்திக்கொண்டால் எண்கள் இடம் மாறிவிடும், பெயர் மாறாது. அந்தப் பெயருக்கு முன்னால் ‘எச்டபிள்யூ’ (hw) என்று எழுதினால் மைக் தரும் வேகத்தை அப்படியே ஏற்க வேண்டும்; நிரல் கேட்கும் வேகம் வேறாக இருந்தால் பதிவு மறுக்கப்படும். ‘பிளக்எச்டபிள்யூ’ (plughw) என்று எழுதினால் இடையில் ஆல்சாவே வேகத்தை மாற்றிக் கொடுக்கும். தமிழ்ப் பேச்சை எழுத்தாக்க விஸ்பர் போன்ற கருவிகளைப் பயன்படுத்துவோருக்கு இது முக்கியம். அவை நொடிக்கு 16,000 அளவுகளையே எதிர்பார்க்கின்றன. மலிவான மைக்குகள் பல 44,100, 48,000 ஆகிய இரண்டைத் தவிர வேறெதற்கும் இசைவதில்லை.

அனுமதி பற்றி ஒரு சொல். ஒலிக்கருவிகளுக்கான கோப்புகளை ஆடியோ என்ற குழுவில் இருப்பவர்களே திறக்க முடியும். திரையின் முன் அமர்ந்திருப்பவருக்குப் பெரிய இயங்குதளங்கள் அந்த உரிமையைத் தாமாகவே தந்துவிடும். இலகுரகத் தளங்களில் பயனரை அக்குழுவில் நாமே சேர்க்க நேரலாம். நிர்வாகியாக இயக்கினால் பதிவாகிறது, சாதாரணப் பயனராக இயக்கினால் ஆகவில்லை என்றால் காரணம் இதுதான்.

எல்லாம் சரியாக இருந்தும் மௌனமே மிஞ்சினால், ஆல்சாவின் ஒலியளவுக் கட்டுப்பாட்டு நிரலான ஆல்சாமிக்சரைத் (alsamixer) திறக்க வேண்டும். கறுப்புத் திரையில் நின்றுகொண்டிருக்கும் வண்ணக் கம்பங்கள்தாம் இதன் முழு அழகும். எஃப்6 விசையை அழுத்தி யுஎஸ்பி மைக்கைத் தேர்ந்தால், ஒலியை வெளியிடும் கட்டுப்பாடுகள் எவையும் இச்சாதனத்தில் இல்லை என்ற பொருளில் ஒரு வரி மட்டும் தோன்றும். பதற வேண்டாம், அது மைக், ஒலிபெருக்கி அன்று. எஃப்4 அழுத்தினால் பதிவுக்கான கம்பம் எழும். இடைவெளி விசையைத் தட்ட, கம்பத்தின் அடியில் ‘கேப்ச்சர்’ என்ற சொல் சிவப்பில் ஒளிரும். அது ஒளிராதவரை மைக் வாயடைக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கம்பங்கள் எந்த வடிவமைப்பாளரும் மைக்குக்கென்று வரைந்தவை அல்ல. அறிமுகத்தின்போது மைக் ஒப்பித்த பட்டியலில் ஒலியளவு, வாயடைப்பு என்று சொல்லப்பட்டவையே இங்கே கம்பங்களாக நிற்கின்றன. பட்டியலில் ஒலியளவு இல்லாத மைக்குக்குக் கம்பமும் இராது.

சில மைக்குகளில் தானியங்கி ஒலியளவு என்று மேலும் ஒரு கட்டுப்பாடு தென்படும். நம் ஊருக்கு அது ஆகாது என்பது என் எண்ணம். பேசுபவர் மூச்சுவிட நிறுத்தும் ஒவ்வோர் இடைவெளியிலும் அது உணர்திறனை மெல்ல ஏற்றிக்கொண்டே போக, ஹாலில் சுழலும் மின்விசிறியும் பக்கத்து ஏர்கானும் வாக்கியங்களுக்கு நடுவே அலைபோல எழுந்து அடங்கும். அதை அணைத்துவிட்டு, ஆல்சாவின் பதிவுக் கட்டளையான ஏ-ரெக்கார்டின் (arecord) அளவுமானியைப் பார்த்தபடி கம்பத்தைக் கையால் உயர்த்துவது மேல். கட்டளைத் திரையான முனையத்தின் அடியில் # குறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு விழுக்காட்டைக் காட்டும். உரத்த சொல்லுக்கும் 70 விழுக்காட்டைத் தாண்டாமல் வைத்துக்கொண்டால் குரல் உடையாது.

ஏ-ரெக்கார்டில் நன்றாகப் பதிவாகியும் உலாவியில் மட்டும் கேட்கவில்லை என்பது அடுத்த புகார். ஆல்சாவுக்கும் நிரல்களுக்கும் நடுவே நிற்கும் ஒலிச் சேவையகங்கள்தாம் நான் தொடக்கத்தில் சொன்ன பின்னணி நிரல்கள். லெனார்ட் பொட்டரிங்கின் பல்ஸ்ஆடியோ 2004இலும், விம் டெய்மன்ஸின் பைப்வயர் 2017இலும் வெளிவந்தன. பயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் வந்த 52ஆம் பதிப்பிலிருந்து லினக்ஸில் பல்ஸ்ஆடியோவையே எதிர்பார்க்கிறது. ஆல்சாவோடு நேரடியாகப் பேசும் வசதி, இயங்குதளத்தைத் தயாரிப்பவர் விரும்பிச் சேர்த்தால் மட்டுமே உண்டு. இணையவழித் துணைப்பாட வகுப்புக்கு அந்தக் கணினி தேவையென்றால் பைப்வயரை நிறுவிக்கொள்வதே நேரத்தை மிச்சப்படுத்தும். பாட்டியின் குரலைக் கோப்பாகச் சேமிப்பது மட்டுமே நோக்கமென்றால் ஆல்சா தனியே போதும். ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 346 மெகாபைட் இடம் பிடிக்கும்.

பதிவின் அடியில் மெல்லிய ‘ஙீ’ என்ற ஓசை ஒரே சுருதியில் கேட்டால், அது மின்விசிறியாக இராது. மில்லி நொடிக்கு ஒரு பொட்டலம் புறப்படும்போதெல்லாம் மைக்கின் சில்லு சற்றே கூடுதலாக மின்சாரம் இழுக்கிறது. நொடிக்கு 1,000 முறை நிகழும் அந்தச் சிறு இழுப்பு, மலிவான மைக்குகளில் குமிழின் மின்வழியில் கசிந்து 1,000 ஹெர்ட்ஸ் ரீங்காரமாகிறது. மென்பொருளில் அதை வடிகட்டிக் குறைக்கலாம், ஆனால் அதன் மடங்குகளான 2,000, 3,000 ஹெர்ட்ஸ் ஓசைகளையும் சேர்த்தே வடிகட்ட வேண்டும். கைவசம் வேறு மைக் இருந்தால் அதை மாற்றிப் பார்ப்பதே இதைவிட எளிது.