களி, குடல், மனச்சோர்வு

மனநிலையோடு தொடர்புள்ள வேதிப்பொருள் செரடோனின். நம் உடலில் இருக்கும் செரடோனினில் சுமார் 90 விழுக்காடு குடலில்தான் சுரக்கிறது. இந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு, "வாழைப்பழம் சாப்பிடுங்க, மனசு சரியாயிடும்" என்று வாட்ஸ்அப்பில் வைத்தியம் சொல்பவர்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் குடல் செரடோனின் மூளைக்குள் போகவே முடியாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில் உள்ள தடுப்பு அதை விடாது. டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் மட்டும் சாப்பாட்டிலிருந்து உள்ளே போகும். அதை வைத்து மூளை தன் செரடோனினைத் தானே செய்துகொள்ளும்.

அப்படியானால் உணவுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, சுற்றுவழியில்.

தருமபுரிப் பக்கத்துக் களியையே எடுத்துக்கொள்வோம். நொய் கொதிக்கும்போது கேழ்வரகு மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் கிண்டி, உருண்டை பிடித்து, கீரைக் கடைசலோ அவரைக்கொட்டைச் சாறோ ஊற்றிச் சாப்பிடுவார்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூடத் தேறாது. நாரை நம்மால் செரிக்க முடியாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றும். குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருளே பியூட்டிரேட்தான். மிஞ்சின களியை மறுநாள் மோரில் கரைத்துக் குடிப்பது இன்னும் விசேஷம். ஆறிப்போன மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிமானத்துக்குத் தப்பி, அதுவும் பாக்டீரியாவுக்கே போய்ச் சேரும்.

நார் குறைந்து, பாக்கெட் தீனியும் சர்க்கரையும் கூடினால் குடலின் அந்த உட்சுவர் பலவீனமாகலாம். பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்தால் உடலில் லேசான அழற்சி, அதாவது உடலின் தற்காப்பு எதிர்வினை, ஓயாமல் நீடிக்கலாம். அழற்சி இருக்கும்போது டிரிப்டோபேன் செரடோனினாக மாறாமல், வழக்கத்தைவிட அதிகமாக வேறு பாதைக்குத் திரும்பிவிடுகிறது. அழற்சி மனதைத் தொடும் என்பதற்கு மருத்துவமனையிலேயே சான்று உண்டு. ஹெபடைடிஸ் சி நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரான் ஊசி போடுவார்கள். அழற்சியைத் தூண்டும் அந்த மருந்தால், அதுவரை நன்றாக இருந்தவர்களில் கணிசமானோர் மனச்சோர்வில் விழுந்தார்கள்.

சரி, சாப்பாட்டை மாற்றினால் மனச்சோர்வு குறையுமா? ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு உள்ள 67 பேரிடம் 12 வாரம் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்குக் காய்கறி, முழுதானியம், பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய் என்று சாப்பாட்டை மாற்றினார்கள். மற்றவர்களுக்குப் பேச்சுத் துணை மட்டும். முதல் பிரிவில் சுமார் 32 விழுக்காட்டினர் தேறினார்கள், இரண்டாவதில் 8. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டம் சிறியது; யார் எந்தப் பிரிவு என்பதும் அவர்களுக்கே தெரியும், நம்பிக்கையும் கொஞ்சம் வேலை செய்திருக்கும். 2019இல் ஐரோப்பாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனையில் சத்து மாத்திரைகள் மனச்சோர்வைத் தடுக்கவில்லை. உணவுப்பழக்க ஆலோசனையும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை.

இன்னொரு சிக்கல், எது முதலில் என்பது. மனம் சோர்ந்தவர் அடுப்பைப் பற்றவைக்கவே மாட்டார். ஓசூரில் நைட் ஷிஃப்ட் முடித்து அறைக்கு வந்து, பரோட்டாவோடு படுத்துவிடுகிற பையனுக்குத் தூக்கக்கேடும் தனிமையும் சேர்ந்தே இருக்கின்றன. பரோட்டாவை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம்.

என் கணக்கில், களியும் கொள்ளும் கீரையும் தட்டுக்குத் திரும்புவது நல்லதுதான். தருமபுரி ரேஷன் கடைகளில் 2023இலிருந்து 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு வாங்கிக்கொள்ளவும் வழி செய்தார்கள். ஆனால் களியை நம்பி, மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்திரேலியச் சோதனையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். அசதி வாரக்கணக்கில் நீடித்தால் ஹீமோகுளோபின், பி12, தைராய்டு மூன்றையும் டாக்டரிடம் சொல்லிப் பார்த்துவிடுங்கள். இவற்றின் குறைபாடும் மனச்சோர்வு மாதிரியே காட்டும். மனசு விட்டுப் பேச, 14416 என்ற இலவச எண் எந்நேரமும் உண்டு.