ஒரு லேப்டொப், இரண்டு சிஸ்டம், ஐந்தரை மணித்தியால இடைவெளி

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடப் போனால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப் கேட்கிறது, திருகோணமலையில் ஏ.எல். பிள்ளைகளும் கம்பஸ் பிள்ளைகளும் கைமாறிக் கைமாறிப் பாவிக்கும் பழைய லேப்டொப்புகள் பலவற்றில் அது இல்லை. அதற்காக நல்லா ஓடுகிற மெஷினை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை, விண்டோஸை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் விண்டோஸைப் போலவே மெஷினை ஓட்டும் லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தை, உபுண்டு போன்ற ஒரு வகையைப் போடலாம், இன்டர்நெட் வேலையெல்லாம் லினக்ஸில், விண்டோஸில் மட்டுமே ஓடும் ஒன்றிரண்டு மென்பொருளுக்கு விண்டோஸ். போடுவது பெரிய வேலையில்லை. போட்ட பிறகு மெனு காணாமல் போவதும் ஃபைல் சேமிக்க முடியாமல் போவதும் மணி பிழையாகக் காட்டுவதும் ஏன் என்று விளங்கிவிட்டால் பயமும் இல்லை.

இரண்டு சிஸ்டமும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. எதைத் தெரிவு செய்கிறோமோ அதற்கே ரேமும் புரொசசரும் முழுதாகக் கிடைக்கும், அதனால் அங்கே சண்டைக்கே இடமில்லை. கரண்ட் நின்ற பிறகும் மிஞ்சியிருப்பவைதான் இரண்டுக்கும் பொது: டிஸ்க், மதர்போர்டின் அமைப்புகள், அதில் சின்ன பற்றரியில் ஓடும் மணிக்கூடு. வருகிற சிக்கலில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

பவர் பட்டனை அமத்தியதும் முதலில் ஓடுவது விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. மதர்போர்டில் இருக்கும் யு.ஈ.எஃப்.ஐ. என்ற தொடக்க மென்பொருள்தான். எந்த சிஸ்டத்தை முதலில் எழுப்புவது என்று அது தன்னிடம் வைத்திருக்கும் வரிசையைப் பார்க்கும். வரிசையில் உள்ள ஒவ்வொரு பெயரும் டிஸ்கில் ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் என்ற சின்னப் பகுதியில், பல மெஷின்களில் வெறும் 100 எம்.பி. தான், இருக்கிற ஒரு ஃபைலைக் காட்டும். உள்ளே மைக்ரோசொஃப்ட் என்று ஒரு ஃபோல்டர், உபுண்டு என்று இன்னொன்று, ஒன்றை ஒன்று தொடாமல் கிடக்கும். உபுண்டு போடும்போது அது தன் பெயரை வரிசையில் மேலே வைத்துவிடும், அப்புறம் ஒவ்வொரு முறையும் கிரப் என்ற உபுண்டுவின் தொடக்க மெனு வந்து எது வேண்டும் என்று கேட்கும். ஒருநாள் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு மெனு வராமல் நேரே விண்டோஸுக்குள் போனால் லினக்ஸ் அழிந்துவிட்டது என்று நினைத்து ஃபோமட் பண்ணிவிடாதீர்கள். அனேகமாக வரிசைதான் மாறியிருக்கும். மதர்போர்டின் பூட் (தொடக்க) அமைப்புக்குள் போய் உபுண்டுவை மேலே தூக்கிவிட்டால் சரி.

யு.ஈ.எஃப்.ஐ.க்கு முன் இருந்த பழைய எம்.பி.ஆர். பூட் முறையில் இப்படித் தனித்தனி ஃபோல்டர் கிடையாது. டிஸ்கின் முதல் 512 பைட்டில் பூட் கோடுக்கு 446 பைட்தான், கடைசியாக எழுதினவர் முன்னவரை அழித்துவிடுவார். முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்ற புத்திமதி அந்தக் காலத்தில் வந்தது, இன்றைக்கும் அதுவே வசதி.

இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மெனேஜ்மென்டிலேயே செய்யுங்கள். உபுண்டுவுக்கு 25 ஜி.பி.யாவது விடுங்கள். அதற்கு முன் முக்கியமான ஃபைல்களுக்கு வேறொரு டிஸ்கில் பிரதி, டிஸ்கைப் பூட்டும் பிட்லொக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி கையில். இந்த இரண்டும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸ் 8இல் இருந்து, ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, தன் கேர்னலின் (சிஸ்டத்தின் மையப் பகுதியின்) நிலையை டிஸ்கில் எழுதிவிட்டுத்தான் படுக்கிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் வந்து அதே பார்ட்டிஷனில் கைவைத்தால், விண்டோஸ் எழும்பும்போது அது நினைத்துக்கொண்டிருக்கும் டிஸ்க் ஒன்று, உண்மையில் இருக்கிற டிஸ்க் இன்னொன்று. இதைத் தவிர்க்கத்தான் லினக்ஸ் அந்தப் பகுதியை வாசிக்க மட்டும் விடுகிறது, இல்லாவிட்டால் திறக்கவே மறுக்கிறது. விண்டோஸின் பவர் ஒப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திவிடுங்கள்.

இனி மணிக்கூடு. நம் பக்கத்தில் எல்லாரும் கேட்பது இதைத்தான். லினக்ஸ் மதர்போர்ட் மணிக்கூட்டில் உலகப் பொது நேரத்தை வைக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வைக்கும். இலங்கைக்கு வித்தியாசம் ஐந்தரை மணித்தியாலம். பின்னேரம் 7 மணிக்கு லினக்ஸை மூடி விண்டோஸைத் திறந்தால், மணிக்கூட்டில் இருக்கும் 1.30ஐ விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்து மத்தியானம் 1.30 என்று காட்டும். டேட்டா போட்டதும் தானே திருத்தி 7 என்று எழுதும். அப்புறம் லினக்ஸைத் திறந்தால் அது 7ஐப் பொது நேரமாக எடுத்து, ஐந்தரையைக் கூட்டி, நடுச்சாமம் 12.30 என்று காட்டும். நெட் இருந்தால் கொஞ்சத்தில் சரியாகிவிடும், இல்லாவிட்டால் சேமிக்கும் ஃபைல்களில் எல்லாம் பிழையான நேரம் ஏறும்.

எந்த முறை நல்லது? பொது நேரம்தான். இலங்கை 1996இல் நேரத்தை இரண்டு தடவை மாற்றி, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. பழைய நேரமா, புது நேரமா என்று கேட்டுக் கேட்டு அலுவல் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளூர் நேரத்தை மட்டும் எழுதி வைத்தால் அது எந்த நேரம் என்று பிறகு சந்தேகம் வரும். பொது நேரம் அப்படி மாறாது, எத்தனை கூட்டுவது என்ற கணக்கு மட்டும்தான் மாறும். அதனால் விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் டைம்ஸோன் இன்ஃபர்மேஷன் என்ற இடத்தில் 'ரியல் டைம் இஸ் யுனிவர்சல்' என்ற பெயரை இடைவெளியில்லாமல் சேர்த்து எழுதி மதிப்பை 1 ஆக்குங்கள். ரீஸ்டார்ட் பண்ணி, நெட்டைப் போட்டு ஒருதடவை நேரத்தை ஒத்திசைய விட்டால் இரண்டு சிஸ்டமும் ஒரே மணியைக் காட்டும்.