சிவில் என்கிளேவ்: படைத்தளத்துக்குள் ஒரு பேட்டை

புணே, ஸ்ரீநகர், பாக்டோக்ரா, கோவாவின் டபோலிம் ஆகிய விமான நிலையங்களைப் பற்றிய செய்திகளில் ‘சிவில் என்கிளேவ்’ என்னும் தொடர் அடிக்கடி இடம்பெறுகிறது. படைத்தளத்துக்குப் பக்கத்தில் அமைந்த பயணிகள் விமான நிலையம் என்று இதற்குப் பொருள் கொள்வது பிழை. ஆயுதப் படைக்கு உரிய விமான நிலையத்தில், விமானப் பயணிகளின் பயன்பாட்டுக்காகவும் பயணப் பொதிகளையும் சரக்கையும் கையாளவும் ஒதுக்கப்பட்ட பகுதியையே 1994-ஆம் ஆண்டின் இந்திய விமான நிலையங்கள் ஆணையச் சட்டம் இப்பெயரால் குறிக்கிறது. பயணியர் முனையத்தை ஆணையம் நடத்தினாலும், ஓடுபாதை படைக்கே உரியது.

‘என்கிளேவ்’ பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் வேர் லத்தீனில் திறவுகோலைக் குறிக்கும் ‘கிளாவிஸ்’. எனவே ‘பூட்டி உள்ளடைத்த இடம்’ என்பதே அதன் முதற்பொருள். அதே ‘கிளாவிஸ்’ போர்த்துகீசியத்தில் ‘ஷாவே’ ஆகி, தமிழில் ‘சாவி’யாக நுழைந்தது. அந்த வகையில் என்கிளேவுக்குச் சாவி தூரத்து உறவு.

சாவியைத் தந்த போர்த்துகீசியரே டபோலிம் விமான நிலையத்தையும் 1950-களில் கட்டினர். 1961 டிசம்பரில் கோவாவை மீட்க நடந்த ‘ஆபரேஷன் விஜய்’ நடவடிக்கையில் இந்திய விமானப்படை அதன் ஓடுபாதையைக் குண்டுவீசித் தாக்கியது; அடுத்த ஆண்டில் அது கடற்படையின் கைக்கு வந்தது. கோவையை அடுத்த சூலூரில் 1961 செப்டம்பரில் பணியில் சேர்க்கப்பட்ட ‘ஐ.என்.எஸ். ஹன்சா’ என்னும் கடற்படை வான்தளம் 1964-இல் டபோலிமுக்கு இடம்பெயர்ந்தது. பெயரின் பொருளோ அன்னம். சூலூரிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் பறந்த அன்னம் என்று சொல்லிக்கொள்ளலாம். பயணிகள் விமானப் போக்குவரத்துக்காகவே தொடங்கிய இடம் படைத்தளமாகி, பயணிகள் அதன் ஒரு மூலையில் ஒதுங்க நேர்ந்தது. கடற்படையின் பயிற்சிக்காக வார நாட்களின் காலை வேளைகளில் பயணிகள் விமானங்கள் நெடுங்காலம் கட்டுப்படுத்தப்பட்டன. இந்த நெருக்கடியும், 2023 ஜனவரியில் கோவாவின் மோபாவில் இரண்டாவது விமான நிலையம் இயங்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம்.

இனித் தமிழாக்கம். ‘சிவில்’ என்பது நீதிமன்றத்தோடு சேர்ந்தால் ‘உரிமையியல்’. இங்கே படை சாராதது என்றே பொருள்படுவதால் அது பொருந்தாது. லத்தீன் மூலமும் குடிமகனையே குறிப்பதால், குடிமைப்பணி, குடிமைப்பொருள் ஆகியவற்றில் ஏற்கெனவே வழங்கும் ‘குடிமை’ போதும். ‘என்கிளேவ்’ தான் கடினம். ‘உள்ளகம்’ என்றால் விளையாட்டரங்கம் நினைவுக்கு வருகிறது. ‘உட்பகுதி’யில் தனி ஆட்சி என்னும் குறிப்பு இல்லை. என் பரிந்துரை ‘உட்பேட்டை’. கோட்டையை ஒட்டிய வணிகக் குடியிருப்பைப் பேட்டை என்றழைப்பது நம் பழைய வழக்கு. கொழும்பில் தமிழர் ‘புறக்கோட்டை’ என்றழைக்கும் கடைவீதிப் பகுதிக்கு ஆங்கிலத்தில் நிலைத்த ‘பெட்டா’ என்ற பெயரும் இச்சொல்லே. பேட்டை மதிலுக்கு வெளியே இருந்தது, என்கிளேவோ மதிலுக்கு உள்ளே இருப்பது; அந்த வேறுபாட்டை ‘உள்’ என்னும் முன்னொட்டு ஈடுசெய்கிறது. இன்றைய காதுக்கும் ‘தொழிற்பேட்டை’ பழகியதுதான்.

ஆகவே, ‘புணே விமான நிலையம், லோகேகாவ் விமானப்படைத் தளத்தின் குடிமை உட்பேட்டையாக இயங்குகிறது’ என்று எழுதலாம். ‘தளம்’ படைக்கும் ‘நிலையம்’ பயணிகளுக்கும் என்று பிரித்து வழங்கினால்தான் இந்த வாக்கியம் தெளிவாக நிற்கும். நாளிதழ்கள் இரண்டையும் ‘விமானதளம்’ என்றே எழுதும்போது, யாருடைய நிலத்தில் யார் இருக்கிறார்கள் என்பது மறைந்துபோகிறது.