அறிபுனை: சொல் விளக்கம்

சென்னையில் பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் நம்ப முடியாத கதை எதையாவது எடுத்துவிட்டால் 'உடான்ஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கொஞ்சம் மரியாதை கொடுத்தால் 'புருடா'. அறிவியலை அடிப்படையாக வைத்துக் கற்பனையில் எழுதும் சயின்ஸ் ஃபிக்ஷனுக்கும், அதாவது அறிபுனைக்கும், அந்தப் பெயரே போதும் என்று வாதாடும் அண்ணன்கள் அங்கே உண்டு. ஆனால் சொல்லின் வேர் அவர்கள் பக்கம் இல்லை.

'ஸ்கீரே' என்றால் லத்தீனில் அறிதல். சயின்ஸ் அதன் வழி வந்தது. 'ஃபிங்கெரே' என்றால் உருவம் செய்தல், மண்ணை வனைதல். அதிலிருந்து ஃபிக்ஷன். விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய வாரங்களில் கொசப்பேட்டைப் பக்கம் போனால் அந்த வினையைக் கண்ணாலேயே பார்க்கலாம். களிமண்ணைப் பிசைந்து அச்சில் அழுத்தி எடுத்து, ஈரம் காய்வதற்குள் தும்பிக்கையின் வளைவைக் குச்சியால் திருத்துவார்கள். அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை.

சயின்ஸ், ஃபிக்ஷன் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து 1851இலேயே வில்லியம் வில்சன் என்பவர் எழுதியிருக்கிறார். யாரும் கண்டுகொள்ளவில்லை. அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஹியூகோ கெர்ன்ஸ்பேக். 1884இல் லக்சம்பர்க்கில் பிறந்து, 1904இல் அமெரிக்கா போய், ரேடியோ உதிரிபாகங்கள் விற்றவர். அந்த வியாபாரத்தோடு 1908இல் மின்சாதனப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். 1911இல் அதில் தானே ஒரு தொடர்கதை எழுதினார். கதை நடப்பது 2660இல். கதையாகப் படித்தால் சுமார்தான். ஆனால் அலைகளை அனுப்பி, அவை பட்டுத் திரும்புவதை வைத்துத் தொலைவில் இருப்பதைக் கண்டுபிடிக்கும் கருவியை, ரேடார் வருவதற்கு முன்பே, படம் போட்டு விளக்கியிருந்தார்.

1926 ஏப்ரலில் இந்த வகைக் கதைகளுக்கு மட்டுமே என்று 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழைக் கொண்டுவந்தார். அப்போது அவர் வைத்த பெயர் 'சயின்டிஃபிக்ஷன்'. வாயில் நுழைகிறதா, பாருங்கள்! முக்கால் பங்கு இலக்கியம், கால் பங்கு அறிவியல் என்பது அவர் சொன்ன கணக்கு. எழுத்தாளர்களுக்குப் பணம் கொடுப்பதில் மட்டும் கணக்கு இழுத்துக்கொண்டே போகும். திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்ட் அவரை 'எலி' என்றே திட்டினார். 1929இல் நிறுவனம் திவாலாகி இதழ் கைவிட்டுப் போனது. அதே ஆண்டு தொடங்கிய புது இதழில்தான் 'சயின்ஸ் ஃபிக்ஷன்' என்று எழுத ஆரம்பித்தார். அதுவே நிலைத்தது. 1953 முதல் இந்தத் துறையில் கொடுக்கப்படும் ஹியூகோ விருது இவர் பெயரில்தான். 1967இல் காலமானார்.

'சை-ஃபை' என்ற சுருக்கம் 1950களில், துல்லியமான ஒலி தரும் கருவிகளைக் குறித்த 'ஹை-ஃபை'யின் ஓசையில் பிறந்தது. நம் ஊரில் பந்தாவான எதுவும் ஹைஃபைதான், அது வேறு விஷயம்.

சரி, தமிழில்? சுஜாதா காலத்தில் 'விஞ்ஞானச் சிறுகதை'. விஞ்ஞானம் அறிவியலாக மாறியபின் 'அறிவியல் புனைகதை'. பொருள் சரி, ஆனால் சினிமாவுக்கும் நாடகத்துக்கும் ஒட்டாது. 'அறிவியல் புனைகதைப் படம்' என்று எழுதிப் பாருங்கள், கதையும் படமும் இடித்துக்கொள்ளும். 'அறிபுனை' எனக்குப் பிடித்தது. அறி என்பது ஸ்கீரே, புனை என்பது ஃபிங்கெரே. வேருக்கு வேர் பொருந்துகிறது. புனைதலில் பொய் வாடையும் இல்லை: மாலை புனைவோம், கவிதை புனைவோம், புனைபெயர் வைத்துக்கொள்வோம். முதல் தடவை கேட்பவருக்குப் புரியாது என்பது உண்மையான குறைதான்; கட்டுரையில் ஒருமுறை 'அறிவியல் புனைவு' என்று விரித்துவிட்டு, அப்புறம் அறிபுனை எழுத்தாளர், அறிபுனைப் படம், அறிபுனை இதழ் என்று போகலாம்.

வெறும் 'அறிவியல் கதை' என்று மட்டும் எழுதாதீர்கள். நியூட்டன் முன்னால் ஆப்பிள் விழுந்ததும் அறிவியல் கதைதான்.