மூன்று தப்பு விடைகள்

நான்காம் வகுப்புக் கணக்கு நோட்டுகள் மூன்று. மூன்றிலும் ஒரே கணக்கு: 502-லிருந்து 137-ஐக் கழிக்கவும். முதல் நோட்டில் விடை 435. இரண்டாவதில் 465. மூன்றாவதில் 364. சரியான விடை 365. ஆகவே மூன்றுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி, மூன்றுக்கும் பூஜ்ஜியம். மார்க் பதிவேட்டைப் பார்த்தால் மூன்று பிள்ளைகளும் ஒரே நிலையில் இருப்பதாகத்தான் தோன்றும்.

விடைகளைச் சற்று நின்று பாருங்கள். 435 எழுதியவன் ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறான். இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டு போக ஐந்து. மூன்றில் பூஜ்ஜியம் போக மூன்று. ஐந்தில் ஒன்று போக நான்கு. கடன் வாங்குகிற பேச்சே இல்லை. 502 என்பது அவனுக்கு இன்னும் ஒரே எண்ணாகத் தெரியவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூன்று தனி எண்களாகத் தெரிகிறது.

465 எழுதியவளுக்குக் கடன் வாங்கத் தெரியும். ஒன்றாம் இடத்தில் 12-ல் 7 போக 5 என்று சரியாகவே போட்டிருக்கிறாள். நடுவில் இருக்கும் பூஜ்ஜியம் 9 ஆகும் என்பதும் அவளுக்கு நினைவிருக்கிறது. ஆனால் கொடுக்க ஒன்றுமில்லாத பூஜ்ஜியம் தானும் நூறாம் இடத்தில் கடன் வாங்கித்தான் கொடுத்தது என்பது தெரியவில்லை. அதனால் 5 குறையாமல் அப்படியே நிற்கிறது. மூன்றாவது பிள்ளைக்கு எல்லாம் தெரியும். 12-ல் 7 போக 4 என்று எழுதியது மட்டும் கைத்தவறு.

முதல் பிள்ளைக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள் வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு ஒரு நூறு ரூபாய் நோட்டைப் பத்து ரூபாய் நோட்டுகளாகவும், அதில் ஒரு பத்தை ஒற்றை ரூபாய்க் காசுகளாகவும் மாற்றிக் காட்ட வேண்டும். மூன்றாவது பிள்ளைக்கு “இன்னொரு தடவை சரிபார்” என்ற ஒரு வார்த்தை போதும். மூவரையும் “கழித்தலில் வீக்” என்று ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, ஒரே பத்துக் கணக்கைப் போடச் சொன்னால் மூவருக்கும் பயன் இல்லை. இது எனக்கு மனசு பொறுக்காத விஷயம்.

பிள்ளைகளின் தப்புகள் பலவும் கவனக்குறைவால் வருபவை அல்ல என்பதை ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-ல் இதே கழித்தல் கணக்குகளை வைத்துக் காட்டினார்கள். கணினி நிரலில் ஒரு வரி பிசகினால் அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தப்பு செய்யும் அல்லவா? அதுபோல, பிசகிய ஒரு வழிமுறையை மனதில் வைத்திருக்கும் பிள்ளை அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. வழிமுறையைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த கணக்குக்கு என்ன தப்பு விடை வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அதைக் கண்டுபிடிப்பதற்குக் கேள்வி அமைய வேண்டிய விதம் ஒன்று உண்டு. 58 – 23 என்று கொடுத்தால் மூவரும் 35 என்றே எழுதுவார்கள். முதல் பிள்ளையின் பிசகிய வழியும் சரியான விடைக்குக் கொண்டுபோய் விடும். 52 – 37 கொடுத்தால் அவன் மட்டும் 25 என்று எழுதித் தனியே தெரிவான். 502 – 137 வரும்போதுதான் இரண்டாமவள் தெரிவாள். படிப்படியான இந்த மூன்று கணக்குகளும் பத்து மார்க்குக்குக் கூடப் பெறாதவை. ஆனால் யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று சொல்லிவிடும். நல்ல ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ கேள்வியும் இப்படித்தான் உருவாகிறது. 365-க்குப் பக்கத்தில் வாய்க்கு வந்த மூன்று எண்களைப் போடாமல் 435, 465 என்று பிள்ளைகள் உண்மையில் செய்யும் தப்புகளையே வைப்பார்கள்.

ஆசிரியர் பயிற்சியில் சொல்லித் தரும் மூன்று வேலைகளும் இதற்குள் இருக்கின்றன. இந்த மூன்று கணக்கில் இரண்டாமவளுக்கு இரண்டு சரி என்று எண்ணுவது அளவிடல். பூஜ்ஜியம் வரும் இடத்தில் இவள் தடுமாறுகிறாள் என்று கண்டுகொள்வது, பிள்ளையின் கற்றலைக் கணிப்பது. இது போதுமா, அடுத்த பாடத்துக்குப் போகலாமா என்று முடிவெடுப்பதே மதிப்பிடல். பெரும்பாலும் முதலாவதிலிருந்து நேரே மூன்றாவதுக்குத் தாவிவிடுகிறோம்.

அளவுகோல் சரியாக இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஐந்து வரி நீளத்துக்கு, கடினமான சொற்களோடு ஒரு வாழ்க்கைக் கணக்கு கொடுத்தால், அதில் தோற்கும் பிள்ளை கணக்கில் தோற்றதா, வாசிப்பில் தோற்றதா? எதை அளக்க நினைத்தோமோ அதைத்தான் அளந்தோமா என்பதை ‘ஏற்புடைமை’ என்பார்கள். வாய்மொழியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தாலே பல நேரம் விடை கிடைத்துவிடும்.

யார் அளந்தாலும் அதே அளவு வருமா என்பது ‘நம்பகம்’. 1912-ல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்டு எலியட் இருவரும் ஒரே ஆங்கில விடைத்தாளை ஏறத்தாழ 140 ஆசிரியர்களைத் திருத்தச் சொன்னார்கள். மதிப்பெண் 64 முதல் 98 வரை வந்தது. மொழிப்பாடம் என்றால் அப்படித்தான் என்றார்கள் சிலர். அடுத்த ஆண்டு வடிவியல் தாளைக் கொடுத்தார்கள். அதே ஒரு தாளுக்கு 30-க்கும் கீழே தொடங்கி 90-ஐத் தாண்டி மதிப்பெண்கள் வந்தன. கணக்கிலேயே இந்தக் கதி. பொதுத்தேர்வு விடைத்தாள் முகாம்களில் எல்லார் கையிலும் ஒரே விடைக்குறிப்பு இருப்பதும், படிக்குப் படி மார்க் பிரித்திருப்பதும், தாள் யாருடையது என்று திருத்துபவருக்குத் தெரியாமல் மறைப்பதும் இதனால்தான். வகுப்பறையில் செய்யக்கூடிய எளிய வழி ஒன்று: ஒரு பிள்ளையின் தாளை முழுதாகத் திருத்தி முடிக்காமல், எல்லாருடைய முதல் கேள்வியையும் முதலில் திருத்துவது. முதல் விடையின் அழகான கையெழுத்து அடுத்த விடைக்கு மார்க் வாங்கித் தருவது அதனால் குறையும்.

கேள்விக்கும் மார்க் போடலாம். 40 பேர் எழுதிய தேர்வில் மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 11 பேரையும் கீழே உள்ள 11 பேரையும் எடுத்துக்கொள்ளுங்கள் (இரு முனையிலும் 27 சதவீதம் எடுப்பது வழக்கம்). ஒரு கேள்விக்கு மேலே 9 பேரும் கீழே 3 பேரும் சரியாக எழுதியிருந்தால், வித்தியாசம் 6; அதை 11-ஆல் வகுத்தால் 0.55. தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் அந்தக் கேள்வி நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. கீழே உள்ளவர்கள் அதிகமாகவும் மேலே உள்ளவர்கள் குறைவாகவும் சரியாக எழுதியிருந்தால் பிள்ளைகளைத் திட்டக் கூடாது. கேள்வியையோ விடைக்குறிப்பையோ மறுபடி வாசித்துப் பார்க்க வேண்டும்.

திருத்திய தாளில் என்ன எழுதித் தருகிறோம் என்பதும் முக்கியம். இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ரூத் பட்லர் செய்த ஆய்வு 1988-ல் வெளிவந்தது. சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்களே அடுத்த வேலையை நன்றாகச் செய்தார்கள். இரண்டும் பெற்றவர்களுக்குக் குறிப்பால் அந்த நன்மை கிடைக்கவில்லை. மார்க்கைப் பார்த்த கண் அதற்குக் கீழே இறங்குவதில்லை என்பது, தாள் கொடுக்கும் நாளில் வகுப்பில் நின்ற எவருக்கும் புரியும். “எத்தனை வாங்கினே?” என்ற சத்தம்தானே முதலில் எழுகிறது.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் நிற்கும் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்தினார்கள். மார்க் வரிசையில் நிறுத்துவதற்கும் நிலை அறிந்து பாடம் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு அதில் இருக்கிறது. அரும்பில் இருக்கும் பிள்ளை அங்கேயே தங்கிவிடாமல், அடிக்கடி நிலையைப் பார்த்து நகர்த்தினால்தான் அந்தப் பிரிப்புக்கு அர்த்தம் உண்டு.

465 எழுதிய பிள்ளைக்கு வருவோம். நூறு ரூபாயைச் சில்லறை மாற்றிக் காட்டியாயிற்று. புரிந்ததா என்று கேட்டால் தலையாட்டுவாள். எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டும். 502 – 137-ஐயே மறுபடி கொடுத்தால் விடையை நினைவில் வைத்து எழுதிவிடுவாள். அதனால் ஒரு வாரம் விட்டு, கரும்பலகையில் வேறு கணக்குகளுக்கு நடுவே 604 – 258 என்று போட வேண்டும். 346 என்று எழுதினால் அவளிடம் இனி நூறாம் இடமும் கடன் கொடுக்கிறது. 446 என்று எழுதினால் அந்த நூறு ரூபாய் நோட்டை மறுபடி எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார வேண்டும்.